பிழையே இல்லாத காடு

வீடியோ கேமில் பிழை கண்டுபிடிப்பதைப் பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வருகிறீர்கள். அது வித்தையே இல்லை. ஆள் சுவருக்குள் நடந்து போகிறான் என்றால் கண்ணுள்ள யாருக்கும் அது தெரியும். ஒரு மூட்டைப் பிழைகளுக்கு நடுவே, எதைச் சரி செய்ய வேண்டும், எதைத் தூக்கிப் போட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று சொல்ல வேண்டிய இடம் ஒன்று வரும். அறையில் உள்ள அத்தனை பேரும் அப்போது உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த இடத்துக்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றுவிட்ட என்னிடம், சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எந்தப் பொத்தானை எப்படி அழுத்துவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதையெல்லாம் விட்டுவிட்டு, நான் மிகவும் சங்கடப்பட்டு எடுத்த ஒரு முடிவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு அம்மாள் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நான் விழுந்து விழுந்து எழுதிக் கொடுக்கும் பிழை அறிக்கைகளை வாசிப்பார், திருப்பித் தருவார். ‘என்ன உடைந்தது என்று எழுதியிருக்கிறாய். அது உடைந்ததால் விளையாடுகிறவருக்கு என்ன போயிற்று?’ என்று கேட்பார். பல நேரம் ஒன்றும் போயிருக்காது. சில நேரம் எல்லாமே போயிருக்கும். அவரிடம் வாங்கிய திட்டில்தான் நான் தொழில் கற்றேன். விளையாடுகிறவர்களின் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர்களின் கையைப் பார்க்கத் தொடங்கியதும் அவரால்தான்.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் சொந்த ஊரான இராஜபாளையத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். இங்கே என்ன கேம் கம்பெனி இருக்கப் போகிறது என்று நினைத்திருந்தேன். இருந்தது. பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றின் மாடியில் இருந்தது. கீழே தறி ஓடினால் மேலே டீ கிளாஸ் மேசையில் நகரும். எங்கள் முதலாளிக்குப் பரம்பரைத் தொழில் பேண்டேஜ் துணி, பிறவிப் பைத்தியம் வீடியோ கேம். என்னைவிட வயதில் சின்னவர். நல்ல மனநிலையில் இருந்தால் என்னை ‘அக்கா’ என்பார், கோபம் வந்தால் ‘மேடம்’ என்பார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், ஆச்சரியம் வந்தால் ‘அப்படியா’வுக்குப் பதில் ‘அவுனா’ என்று அதுவும் வந்து விழும்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஆர்பிஜி. அதாவது, விளையாடுகிறவர் ஒரு கதாபாத்திரமாகவே அந்த உலகத்துக்குள் வாழ்ந்து, யாரை நம்புவது, யாரிடம் பொய் சொல்வது, யாரோடு மோதுவது என்று தானே முடிவு செய்து கதையை நகர்த்துகிற வகை. காணாமல் போன அண்ணனைத் தேடி, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு மில் ஊருக்கு வேலை கேட்டு வருகிற பெண்தான் எங்கள் நாயகி. மில் முதலாளிகளின் பகை உண்டு, அரிவாள் சண்டை உண்டு, ஊர் உண்டு, ஊருக்குப் பின்னால் பெரிய காடும் உண்டு. இவ்வளவையும் செய்ய நாங்கள் ஒரு வேனில் அடங்கும் கூட்டம். ‘ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க’ என்பார்களே, அதேதான். கேமுக்கு ஆபீசில் நாங்கள் வைத்திருந்த பெயர் ‘பெருசு’.

இந்த ரகத்துக் கேம்களை நீங்கள் விளையாடியிருப்பீர்கள். ஆள்பலத்துக்கு மீறி அகலக்கால் வைத்துச் செய்தவை. கதவு திறக்காது, சேமித்து வைத்த ஆட்டம் காணாமல் போகும், நேற்றுச் செத்தவன் இன்றைக்கு டீ குடித்துக்கொண்டிருப்பான். ஆனாலும் விளையாடினவர்கள் வருடக்கணக்காக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். பெரிய கம்பெனியிலிருந்து மழமழவென்று வந்த கேமை முடித்த மறுநாளே மறந்துவிடுவார்கள். அதனால் ஓட்டையும் ஒரு அழகுதான் என்று எழுதுகிற சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வேலைக்குப் போய்விட்டு வந்து கிடைத்த கொஞ்ச நேரத்தில் ஒருவர் விளையாடிய ஆட்டம் அழிந்து போனால் அதில் என்ன அழகு இருக்கிறது? ஓட்டை ஓட்டைதான். ஆனால் எந்தத் துணியில் விழுந்த ஓட்டை என்று ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் கேமில் இரண்டு பெரிய வேலைகள் நடந்தன. ஊரை உயிரோடு நடமாட விட்டவள் செல்வராணி. அவளுடைய அப்பா, அம்மா இருவருமே மில்லில் வேலை பார்த்தவர்கள், வேறு வேறு ஷிப்டில். கேமில் இருக்கும் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அவள் ஷிப்டு போட்டாள். மில் சங்கு ஊதினால் ஒரு கூட்டம் உள்ளே போகும், ஒரு கூட்டம் வெளியே வரும். வந்தவர்கள் குளிப்பார்கள், தூங்குவார்கள், கடைக்குப் போவார்கள், சண்டை போடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் வேலைக்குப் போயிருந்தால் வீட்டில் இருக்க மாட்டான். திரையில் கடிகாரம் கிடையாது, சங்குதான் கடிகாரம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் இருந்த பிழைகளை, எங்கள் பேச்சில் ‘பக்கு’களை, சொல்லி மாளாது. பஸ் டிரைவர் கூரை மேல் போய்ப் படுத்துக்கொள்வார். ஷிப்டு மாறும் நேரத்தில் மில் வாசலில் கூட்டம் முட்டிக்கொண்டு ஆட்டமே உறைந்து போகும்.

காட்டைச் செய்தவன் ஜோசப். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். சென்னையில் நல்ல வேலையில் இருந்தவனை, ‘ஊருக்கே வந்துவிடு, மனதுக்குப் பிடித்ததைச் செய்யலாம்’ என்று கூப்பிட்டு வந்தவள் நான்தான். அவன் வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு ஓய்வு நாளெல்லாம் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக் காட்டில் கிடந்தான். எந்த மரத்தின் இலை எப்போது உதிரும், மழைக்கு முன்னால் பூச்சிகளின் சத்தம் எப்படி மாறும், அங்கிருக்கும் பெரிய அணில் கிளை விட்டுக் கிளை தாவும்போது வால் எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் அந்தக் காட்டில் இருந்தது. நான் தொழிலில் பார்த்தவற்றிலேயே சுத்தமான வேலை அது. எங்கள் பிரிவு மொத்தமும் சல்லடை போட்டுத் தேடியும் ஒரு பிழை கிடைக்கவில்லை. துணி வாங்க வெளிமாநிலத்திலிருந்து வருகிற வியாபாரிகளுக்கு முதலாளி முதலில் டிவியில் அந்தக் காட்டைக் காட்டிவிட்டுத்தான் துணியையே காட்டுவார்.

இரண்டும் சேர்ந்து ஓடும் வரை சரி. சாதாரணக் கம்ப்யூட்டரில் அவை சேர்ந்து ஓட மறுத்தன. சங்கு ஊதி ஊரே தெருவுக்கு வரும் நேரத்தில், பின்னால் காடும் நின்றால் திரை நின்றுவிடும். காட்டை எடுத்துவிட்டுப் பார்த்தோம், ஊர் ஓடியது. ஊரை எடுத்துவிட்டுப் பார்த்தோம், காடு ஓடியது. இந்த நேரத்தில், கேமை வெளியிட ஒப்புக்கொண்டிருந்த பதிப்பாளரிடமிருந்து தாக்கீது வந்தது. அவர்கள் தங்கள் ஆட்களிடம் கொடுத்து விளையாடிப் பார்த்திருக்கிறார்கள். ‘ஊரில் ஆளே இல்லை. யாரைத் தேடிப் போனாலும் வீடு பூட்டியிருக்கிறது. அடிக்கடி அபாயச் சங்கு ஊதுகிறது, ஆனால் தாக்குதல் எதுவும் வருவதில்லை’ என்று எழுதியிருந்தார்கள். ஷிப்டையெல்லாம் எடுத்துவிட்டு எல்லோரையும் அவரவர் வாசலில் நிற்க வையுங்கள், காட்டை விளம்பரத்தில் போடுகிறோம், சொன்ன தேதிக்குள் முடியாவிட்டால் எங்களை விட்டுவிடுங்கள் என்றார்கள். அவர்கள் விலகினால் மாடியைப் பூட்டிவிட்டு எல்லோரும் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

அபாயச் சங்கு என்று படித்ததும் செல்வராணிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

“சங்கு ஊதுனா ஷிப்டுன்னு பச்சப்பிள்ளைக்கும் தெரியுமேக்கா! இவிய எந்த ஊருல இருந்து வந்தவிய?”

“மில்லு இல்லாத ஊருல இருந்து வந்தவங்கட்டி,” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நாங்கள் அத்தனை பேரும் சங்குச் சத்தத்தில் எழுந்து, சங்குச் சத்தத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள். மாதக்கணக்கில் சோதித்தும் எங்கள் பிரிவில் ஒருவர்கூட இதைக் குறையாக எழுதவில்லை. காதுக்குப் பழகிப்போன சத்தத்தை யார் குறை என்று எழுதுவார்கள்?

பதிப்பாளர் என்னிடம்தான் கடைசி வார்த்தை கேட்டிருந்தார்கள். எது வெளியிடத் தயார், எது தயாரில்லை என்று சோதனைப் பிரிவின் தலைமை சொல்ல வேண்டும். விதிப்படி பார்த்தால் பதில் சுலபம். காடு தயார். ஊர் தயாரில்லை. ஆனால் பெங்களூர் அம்மாளிடம் திட்டு வாங்கிய கை எளிதில் கையெழுத்துப் போடாது. ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜோசப் வீட்டுக் கூடத்தில் எங்கள் கம்ப்யூட்டர்களை இறக்கினோம். பக்கத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிற மாணவர்களை அவன் கூட்டி வைத்திருந்தான். எல்லோரும் வெளிமாவட்டத்துப் பிள்ளைகளாக, மில்லையே பார்க்காதவர்களாக இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. ஜோசப்பின் மனைவி ஆளுக்கு ஒரு கிண்ணத்தில் பால்கோவா வைத்துக் கொடுத்தாள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கக் கூடாது, விளையாடட்டும் என்று சொல்லிவிட்டு நான் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

கேமில் முதல் சங்கு ஊதியது. ஒரு பையன் நாயகியை ஓட ஓட விரட்டிக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே ஒளித்து வைத்தான். இன்னொருவன் அரிவாளை உருவிக்கொண்டு நடுத்தெருவில் நின்றான்.

“யாருக்கா தாக்க வர்றாங்க?” என்று கேட்டான்.

செல்வராணியால் வாயைக் கட்ட முடியவில்லை. “யாரும் வரல. ரெண்டாம் ஷிப்டு.”

“ஷிப்டு மாறுறதுக்கா இந்தக் கத்து கத்துது?”

கூடமே சிரித்தது. செல்வராணியும் சிரித்துவிட்டாள், பாதி அழுகையோடு.

சிரிப்பு அடங்கிய பிறகு நான் கைகளைப் பார்த்தேன். காட்டுக்குள் போனவர்கள் முதலில் ‘ஆகா’ என்றார்கள். செத்த நேரத்தில் ஒரு கை கீபோர்டில் முன்னால் போகும் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருக்க, மறு கை ஸ்பூனை எடுத்துப் பால்கோவா பக்கம் போய்விட்டது. ஒருத்தி போனில் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டே காட்டைக் கடந்தாள். ஜோசப் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் முழுக்கப் பெருமையாக இருந்தது. என்னால் அதற்கு மேல் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஊருக்குள் இருந்தவர்கள் திட்டிக்கொண்டே இருந்தார்கள். வீடு பூட்டியிருக்கிறது என்று திட்டினார்கள், திரை நின்றுவிட்டது என்று திட்டினார்கள். ஆனால் இரண்டு கையும் கீபோர்டில் இருந்தது.

ஓரத்தில் ஒரு பெண். நாகப்பட்டினம் பக்கம், வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. அவள் ஆட்டத்தில், மில்லில் இயந்திரம் பழுது பார்க்கிற ஃபிட்டர் ஒருவர் விபத்தில் செத்துப்போயிருந்தார். அது கதையில் உள்ளதுதான். மறுநாள் மதியம் அந்த ஃபிட்டரின் மனைவி தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு வழக்கம்போல மில் வாசலுக்கு வந்தாள். நின்றாள். சங்கு ஊதியது. திரும்பிப் போனாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள்.

செல்வராணி பதறிக்கொண்டு ஓடினாள். “ஐயோ, அது பக்கு. புருசன் செத்ததை அந்தம்மாவுக்கு நான் சொல்ல மறந்துட்டேன். வேற ஆட்டம் போட்டுத் தாரேன், எந்திரிம்மா.”

“இருங்கக்கா,” என்றாள் அந்தப் பெண். முதல் தடவையாகப் பேசினாள்.

அவள் நாயகியைக் கொண்டுபோய் அந்த மனைவிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். செய்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை, பேசவும் வசனம் இல்லை. சங்கு ஊதும் வரை சும்மா நின்றாள். பிறகு அந்த அம்மாவுக்குப் பின்னாலேயே அவள் வீடு வரை நடந்து போனாள். அடுத்த நாளும் அண்ணனைத் தேடப் போகாமல் வாசலுக்குத்தான் வந்தாள். அவளுக்குக் கொடுத்த பால்கோவா கிண்ணத்தில் அப்படியே காய்ந்து கிடந்தது.

அங்கேயே முடிவு எடுத்துவிட்டேன். எடுத்த அந்த நொடியில் என் முன்னால் நின்று ‘இன்னும் கொஞ்சம் கோவா வைக்கட்டுமாக்கா’ என்று கேட்டது ஜோசப்பின் மனைவி.

மறுநாள் ஆபீஸ் மாடியில் கூட்டம். பதிப்பாளரின் ஆள் திரையில் இருந்தார், முதலாளி மேசையின் தலைப்பக்கத்தில், ஜோசப்பும் செல்வராணியும் எதிரெதிரே. கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது.

“ஊரை வைத்துக்கொள்ளலாம். காட்டை எடுத்துவிட வேண்டும்,” என்றேன்.

 முதலாளிதான் முதலில் ஆரம்பித்தார்.

“மேடம், காட்டுல ஒரு பக்கு இருக்கா?”

“இல்ல சார்.”

“ஊருல?”

“எண்ணி முடியல சார்.”

“அப்ப ஓட்டைத் துணியை வச்சுக்கிட்டு நல்ல துணியைக் கிழிச்சுப் போடச் சொல்றீங்க. இதைச் சொல்றதுக்கா சோதனைப் பிரிவு?”

“நீங்க விக்கிற பேண்டேஜே ஓட்டைத் துணிதான சார். எதுக்குன்னு தெரிஞ்சுதான வாங்குறாங்க.”

“வாய் மட்டும் கொறச்சலில்ல,” என்றார். ஆனால் சிரிக்கவில்லை.

நான் பார்த்ததைச் சொன்னேன். காட்டில் ஒரு கையும் ஊரில் இரண்டு கையும் இருந்ததைச் சொன்னேன். தூக்குச்சட்டிக்காரியோடு நின்ற பெண்ணைச் சொன்னேன். ஊரில் இருக்கும் பிழைகளில் ஆட்டத்தை நிறுத்துகிறவை, சேமித்ததை அழிக்கிறவை எல்லாவற்றையும் தேதிக்குள் சரி செய்ய முடியும், ஆனால் காடு பின்னால் இருக்கும் வரை முடியாது என்றேன். மற்றவை மிஞ்சும், அதற்காகத் திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளலாம் என்றேன். இந்த முடிவு தப்பானால் என் பெயரைச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். பதிப்பாளரின் ஆள் எதிர்பார்த்தது இது இல்லை. ஆனாலும், சங்கு என்றால் என்ன என்று புரிய வைத்துவிட்டால் சம்மதம் என்றார்.

 எல்லோரும் எழுந்த பிறகு ஜோசப் என்னிடம் வந்தான்.

“ஒரு பக்கு காட்டுங்கக்கா. ஒண்ணே ஒண்ணு.”

“இல்ல ஜோசப்பு.”

“பொறவு?”

“அங்க ஆளு இல்லப்பா.”

 அவன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். ஒரு வாரம் ஆபீசுக்கு வரவில்லை. சென்னைக்குத் திரும்பப் போகிறான் என்று பேச்சு வந்தது. தம்பி தங்கைகளே, சரியான முடிவு எடுத்தால் நிம்மதியாகத் தூக்கம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வரவில்லை. போனை எடுத்து அவன் எண்ணைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். மன்னிப்புக் கேட்டால் முடிவு தப்பு என்று ஆகிவிடும். கேட்காமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று ஆகிவிடும்.

ஒரு காலையில் வந்தான். நேரே செல்வராணி மேசைக்குப் போனான்.

“காடு இருந்த இடத்துல வெறும் வெட்டவெளியா இருந்தா நல்லாருக்காது. ஒரு செக்போஸ்ட் வைக்கேன். குறுக்க ஒரு கம்பு, ஒரு வாட்சர். அவருக்கு ஒரு ஷிப்டு போட்டுக் குடு.”

“வாட்சருக்குமாண்ணே?”

“அவரும் வேலைக்கு வாரவருதான.”

அப்படித்தான் ஆயிற்று. ஊர் முடிகிற இடத்தில் வனத்துறைச் சாவடி, அதில் காவலுக்கு வாட்சர். கம்புக்கு அந்தப் பக்கம் ஜோசப்பின் மரங்களில் முன்வரிசை மட்டும், அதற்குப் பின்னால் வெறும் இருட்டு. கிட்டே போனால் வாட்சர், ‘உள்ள விட உத்தரவு இல்லம்மா, திரும்பிப் போங்க’ என்பார். பூச்சிச் சத்தத்தை மட்டும் அவன் எடுக்கவில்லை. சங்கு விஷயத்தை ஒரே வசனத்தில் முடித்தாள் செல்வராணி. முதல் சங்கு ஊதும்போது நாயகி தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, ‘பயந்துட்டியா? ஷிப்டு மாறுது. நீ தேடுற ஆளு இப்பத்தான் வெளிய வரும், போ’ என்பாள். தூக்குச்சட்டிக்காரியை மட்டும் தொடாதே என்று நான் சொல்லியிருந்தேன், அவள் தொடவில்லை.

‘பெருசு’ வெளியானது. பதிப்பாளர் எங்களைக் கேட்காமல் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள், அது ஒருவருக்கும் பிடிக்கவில்லை. எதிர்பார்த்த மாதிரியே வசவு விழுந்தது. டிரைவர் கூரை மேல் தூங்குகிறார் என்று படம் பிடித்துப் போட்டுச் சிரித்தார்கள். சண்டைக் காட்சிகளைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள், அது நியாயமும்கூட, சண்டை மோசம்தான். ஆனால் திட்டினவர்கள் போகவில்லை. இரண்டாம் தடவை விளையாடினார்கள். மில்லையே பார்த்திராதவர்கள், ‘மூன்றாம் ஷிப்டு முடிந்ததும் டீக்கடைக்குப் போ, அவனைப் பிடித்துவிடலாம்’ என்று ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொண்டார்கள். தூக்குச்சட்டிக்காரிக்கு ஒரு பெரிய கூட்டமே துணை நின்றது.

நான் எதிர்பார்க்காதது சாவடியைத்தான். வாட்சர் ஷிப்டு முடிந்து போய், அடுத்த ஷிப்டு வாட்சர் வரும் வரை கம்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் ஆள் இருக்காது. அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உள்ளே நுழைந்தால் முன்வரிசை மரத்தைத் தாண்டியதும் கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டிக்கொள்வார்கள். முட்டிக்கொண்டவர்கள் சும்மா இருக்கவில்லை, பேச ஆரம்பித்தார்கள். அண்ணன் காட்டுக்குள்தான் இருக்கிறான் என்றார் ஒருவர். மில்லை விட்டு ஓடினவர்கள் எல்லோரும் உள்ளே ஒரு ஊரே வைத்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சங்கு கிடையாது என்றார் இன்னொருவர். வாட்சர் தெரிந்தேதான் யாருக்கோ வழி விடுகிறார் என்று ஒரு பெண் பக்கம் பக்கமாக எழுதினாள். யாரோ ஒருவர் அந்த ஊருக்கு வரைபடம்கூடப் போட்டார்.

முதலாளி துள்ளிக் குதித்துக்கொண்டு மாடிக்கு வந்தார். நான் மறுபடியும் அக்கா ஆகியிருந்தேன்.

“அக்கா, பாத்தீங்களா? எல்லாரும் காட்டைக் கேக்குறாங்க! ஜோசப், காடு பத்திரமா இருக்குல்ல? இப்பத்தான் ஊரு நல்லா ஓடுதே, காட்டையும் தாங்கும், கம்பைத் தூக்கிருவோம். தனி வெளியீடா விட்ருவோம்.”

எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நான் தூக்கிப் போட்டது அவனுக்கே திரும்பக் கிடைக்கப் போகிறது. அவன் இன்றைக்காவது சிரிப்பான் என்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தேன். ஜோசப் போனில் அந்தப் பெண் எழுதியதை வாசித்துக்கொண்டிருந்தான். வாசித்து முடித்துப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

“தெறக்க வேண்டாம் சார்.”

“ஏன்?”

“இவங்க சொல்ற காடு என்கிட்ட இல்ல.”

முதலாளி என்னைப் பார்த்தார்.  அன்றைக்கு நான் கூட்டத்தில் அத்தனை காரணம் அடுக்கிச் சொன்னதை, அவன் யாரும் கேட்காமலே, யார் மேலும் வருத்தம் இல்லாமல் ஒரே வரியில் சொல்லிவிட்டான். தன் கையால் இலை இலையாகச் செய்ததைப் பற்றி ஒருவன் அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்குப் போகப் போகத் தெரியும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. செல்வராணி தன் நாற்காலியை ஜோசப்பின் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சரி, சொல்லுங்கண்ணே,” என்றாள். “அந்தக் காட்டுக்குள்ள யாரு இருக்கா?”

ஜோசப் முதல் மரத்தைச் செய்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை அவனிடம் ஒருவரும் கேட்டதில்லை.